டீசலில் 2டி ஆயில்: எந்த வண்டிக்கு ஊற்றலாம், எவ்வளவு, எப்படி

போன மாதம் சங்ககிரி பக்கம் ஒரு பங்கில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற டவேராவின் ஓட்டுநர் டேங்க் மூடியைத் திறந்து, சின்ன பாட்டிலிலிருந்து நீல நிற எண்ணெயை உள்ளே ஊற்றினார். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் அது. டீசல் போடும் பையன் பதறிவிட்டான். "அண்ணே, அது 2டி ஆயில்ணே, டீசல் வண்டிக்குப் போய் ஊத்துறீங்க!"

"தெரியும் தம்பி, பம்புக்காகத்தான் ஊத்துறேன்" என்றார் அவர். எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைச் சொல்கிறார்.

எனக்குப் பின்னால் புத்தம் புது பிஎஸ்-6 (இந்தியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) காரில் இருந்தவர் இறங்கி வந்து, "நானும் ஊத்தலாமாங்க?" என்று கேட்டார். "தாராளமா ஊத்துங்க, வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. டவேராவுக்கு அது சரி. புது காருக்கு அது பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

முதலில் ஏன் ஊற்றுகிறார்கள் என்று பார்த்துவிடுவோம், அப்புறம் செய்முறைக்குப் போகலாம்.

டீசலுக்கு எதற்கு எண்ணெய்?

பழைய ரோட்டரி பம்புக்குள் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே ஓடுகிற டீசலேதான் அதற்கு மசகு. ஒரே ஒரு பிளஞ்சர் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய், நாலு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும். பம்பையும் நாசிலையும் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) பழுது பார்க்கும் கடையில் ஒரு தடவை அந்தப் பிளஞ்சரைக் கையில் கொடுத்தார்கள். விரல் நீள இரும்பு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. டீசலில் நனைத்து அதன் கூட்டில் வைத்துச் சாய்த்தால் சொந்த எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை வைத்துப் பாருங்கள். அத்தனை நெருக்கத்தில் உராயும் இரும்புக்கு டீசலின் வழுவழுப்புதான் ஒரே காவல்.

அந்த வழுவழுப்பு குறைந்ததற்குக் காரணம் கந்தகத்தை எடுத்ததுதான். பிஎஸ்-2 டீசலில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை கந்தகம் இருக்கலாம் என்று இருந்தது. பிஎஸ்-3ல் அது 350, பிஎஸ்-4ல் 50. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்கக் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் வெறும் 10. காற்றுக்கு இது மிக நல்லது. ஆனால் கந்தகமே மசகு என்று பலரும் நினைப்பது தவறு. ஹைட்ரஜனை வைத்துக் கந்தகத்தைப் பிரிக்கும்போது, ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த சில மூலக்கூறுகளும் கூடவே போய்விடுகின்றன. இரும்பின் மேல் படலமாக ஒட்டிக் காப்பாற்றியவை அவைதான். ஸ்வீடனில் 1990களின் தொடக்கத்தில் 10 பிபிஎம் டீசல் வந்தபோது வரிசையாகப் பம்புகள் தேய்ந்த பிறகுதான் உலகத்துக்கே இது உறைத்தது.

அதற்குப் பிறகு சுத்திகரிப்பு ஆலைகளே மசகுப் பொருள் ஒன்றை மிகச் சிறிய அளவில் கலந்து அனுப்புகின்றன. அதைச் சோதிக்க ஒரு முறையும் இருக்கிறது. 60 டிகிரி சூட்டில் டீசலுக்குள் ஒரு சிறிய எஃகுக் குண்டை 75 நிமிடம் தட்டின் மேல் தேய்க்கிறார்கள். குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது. இந்தியத் தரத்திலும் இதே எல்லைதான். அதனால் நல்ல பங்கில் போடும் டீசல் 'காய்ந்த' டீசல் அல்ல. 2டி ஆயில் பழைய பம்புக்குக் கொடுக்கும் ஒரு சின்ன கூடுதல் ஆதரவு, அவ்வளவுதான். இந்த அளவோடு எதிர்பார்த்தால் ஏமாற மாட்டீர்கள்.

படி 1: உங்கள் பம்ப் எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டிலைத் தொடாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகு பானட்டைத் திறந்து, நாசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று பாருங்கள்.

ஒரு வட்டமான தலையிலிருந்து வளையமாக நாலு குழாய் கிளம்பினால் அது ரோட்டரி பம்ப். குவாலிஸ், பழைய டவேரா, பழைய இண்டிகா எல்லாம் இந்த வகை. இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

குழாய்கள் ஒரே வரிசையில், பள்ளிப் பிள்ளைகள் நிற்பது போல் நின்றால் அது இன்லைன் பம்ப். பழைய லாரி, டிராக்டர்களில் பார்க்கலாம், மைக்கோ பம்ப் என்பார்கள். இதன் அடிப்பகுதிக்குத் தனியாக ஆயில் உண்டு. பலவற்றில் எஞ்சின் ஆயிலே வந்து போகும், சிலவற்றில் பம்புக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். அந்த ஆயில் அளவைச் சரியாக வைத்திருப்பது டேங்கில் 2டி ஊற்றுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

குழாய்கள் எல்லாம் ஒரு தடித்த நீளக் குழாயில் சேர்ந்து, அங்கிருந்து நாசில்களுக்குப் பிரிந்தால், நாசில் தலையில் ஒயர் சொருகியும் இருந்தால், அது காமன் ரெயில். இதில் அழுத்தம் 1,600 பார், சிலவற்றில் 2,000க்கும் மேல். நாசில் துளைகள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பிஎஸ்-3, பிஎஸ்-4 காமன் ரெயில் வண்டிக்கு 2டி ஊற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. மனசு கேட்கவில்லை என்றால் டீசலுக்கென்றே செய்த மசகுச் சேர்மானத்தை, வண்டிக் கையேடு அனுமதித்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பிஎஸ்-6 என்றால் பேச்சே இல்லை, ஊற்றாதீர்கள். இந்த டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும். கரி சேர்ந்தால் வண்டியே சூடேற்றி எரித்துக்கொள்ளும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகப் பொருள்கள் எரிந்து சாம்பலாகத் தங்கினால் அதை எரித்து அகற்ற முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டி அடைபடும். வாரண்டியும் கை கொடுக்காது.

படி 2: எந்த எண்ணெய்?

2டி ஆயில் பாட்டிலில் 'ஜாசோ எஃப்சி' அல்லது 'ஜாசோ எஃப்டி' என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவை புகை குறைவான ரகங்கள். படகு எஞ்சினுக்கான 'டிசி-டபிள்யு3' கிடைத்தால் அதுவும் நல்லது, அதில் சாம்பல் தரும் உலோகங்கள் கிடையாது. 2டி ஆயிலின் சிறப்பே, எரிபொருளோடு சேர்ந்து எரிவதற்கென்றே அது செய்யப்பட்டிருப்பதுதான்.

எஞ்சின் ஆயில் அப்படிப்பட்டதல்ல. அது எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வர வேண்டியது. துத்தநாகம், கால்சியம் எல்லாம் சேர்த்திருப்பார்கள், எரிந்தால் சாம்பல்தான். வடித்த பழைய ஆயில் இன்னும் மோசம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பத்து வருடம் முன்பு எங்கள் பழைய ஜீப்புக்கு, சர்வீஸில் வடித்த ஆயிலைப் பனியன் துணியில் வடிகட்டி, டேங்குக்கு ஒரு லிட்டர் ஊற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக். மூன்றாவது டேங்க் முடிவதற்குள் கொல்லிமலை ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, பிக்கப் செத்துவிட்டது. பின்னால் கரும்புகை. இறங்கி வந்து நாசிலைக் கழற்றினால், வடைச்சட்டி அடியில் பிடித்த கரி மாதிரி முனை முழுக்க அப்பியிருந்தது. ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம், உள்ளே தார். நாலு நாசிலும் மாற்றினோம்.

விளக்கெண்ணெய் பற்றியும் ஒருவர் கேட்டார். மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோல் கரியோடு குழைத்துப் போட்டது அருமையான மசகுதான். ஆனால் அது டீசலில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும். சமையல் எண்ணெய் சூட்டில் பிசினாகும். மண்ணெண்ணெய் மசகே அல்ல, அது டீசலின் வழுவழுப்பை இன்னும் குறைக்கும்.

படி 3: அளவு

200க்கு 1. அதாவது ஒரு லிட்டர் டீசலுக்கு 5 மில்லி. 20 லிட்டருக்கு 100 மில்லி, 40 லிட்டருக்கு 200 மில்லி. இருமல் மருந்தோடு வரும் அளவுக் குப்பியே போதும். டேங்கின் மொத்தக் கொள்ளளவைக் கணக்கில் எடுக்காதீர்கள், இப்போது போடப்போகும் டீசலுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள்.

கூட ஊற்றினால் கூடுதல் நன்மை கிடைக்காது. புகைதான் கூடும், நாசில் முனையில் கரி பிடிக்கும். புகைச் சோதனையில் பழைய வண்டிகளுக்கு எல்லை 65 எச்எஸ்யு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு), பிஎஸ்-4க்கு 50. அதிகம் ஊற்றிவிட்டுச் சோதனைக்குப் போய்த் திண்டாடாதீர்கள். செலவுக் கணக்கும் இதிலேயே வந்துவிடும். ஆயில் லிட்டர் 400 ரூபாய் என்றால் ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் 2 ரூபாய் கூடுகிறது.

படி 4: ஊற்றுவது

பங்குக்குப் போவதற்கு முன்பே, டேங்க் கால்வாசிக்குக் கீழ் இருக்கும்போது ஆயிலை ஊற்றிவிடுங்கள். அதன் மேல் டீசல் வேகமாக விழும்போது தானாகவே கலந்துவிடும். முழு டேங்கின் மேல் ஊற்றினால் கலக்க நேரமாகும்.

எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றி இருக்கும் மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். புனலையும் துடையுங்கள். சில மைக்ரான் இடைவெளியைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு, அதில் ஒரு சிட்டிகை புழுதியை நாமே கொட்டக் கூடாது.

படி 5: ஃபில்டரில் தண்ணீர் எடுப்பது

நேரம் இல்லை என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள். எண்ணெய் குறைந்து செத்த பம்பைவிடத் தண்ணீர் போய்ச் செத்த பம்பைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு சிறிய வடிகால் திருகு இருக்கும். கீழே சுத்தமான கண்ணாடி பாட்டிலை வைத்துத் திருகைத் தளர்த்துங்கள். ஒரு டம்ளர் அளவு வந்ததும் மூடிவிட்டு, பாட்டிலைத் திண்ணையில் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் படியும். நடுவே கத்தியால் கீறியது போல ஒரு கோடு தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதை மாதம் ஒரு முறை செய்வேன். ஒரு தடவை விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பங்கில் மழைநீர் இறங்கியிருக்கும், இல்லையென்றால் என் டேங்க் மூடியின் வாஷர் போயிருக்கும். வாஷரை மாற்றினேன், பங்கையும் மாற்றினேன்.

தண்ணீர் எடுத்த பிறகு ஃபில்டர் தலையில் உள்ள ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) கெட்டியாகும் வரை அழுத்துங்கள். இல்லாவிட்டால் குழாயில் காற்று அடைத்து ஏர் லாக் ஆகி வண்டி கிளம்பாது. எடுத்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

படி 6: அப்புறம் கவனிக்க வேண்டியது

இரண்டு மூன்று டேங்க் ஓட்டிப் பாருங்கள். என் வண்டியில் காலை நேரத்து 'டக் டக்' சத்தம் கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. மைலேஜ் கூடவில்லை. நீலப் புகை வந்தால் அளவைப் பாதியாக்குங்கள், அப்படியும் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

சில கோளாறுகளுக்கு இந்த ஆயில் மருந்தே இல்லை. பம்ப் ஓரத்தில் டீசல் கசிந்தால் உள்ளே இருக்கும் பழைய ரப்பர் சீல் சுருங்கியிருக்கும். கந்தகம் குறைந்த டீசலுக்கு மாறியபோது பழைய சீல்கள் பலவற்றுக்கும் இது நடந்தது. சீல் கிட் மாற்றத்தான் வேண்டும். இன்னொன்று, குளிர்ந்த எஞ்சின் உடனே கிளம்பும், ஆனால் நெடுந்தூரம் ஓட்டி டீ குடிக்க நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம் பிடிக்கும். அப்போது பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் பிளஞ்சர் தேய்ந்துவிட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம். சூட்டில் டீசல் இளகி அந்த இடைவெளி வழியே நழுவுகிறது. டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் நாசில் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் இரண்டு வண்டி இருந்தால், டேங்க் மூடியின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வையுங்கள். எங்கள் பழைய வண்டியில் "20 லிட்டருக்கு 100 மில்லி" என்று எழுதியிருக்கிறேன். தம்பியின் பிஎஸ்-6 வண்டியில் "டீசல் மட்டும்".