ஈமாக்ஸில் ஒரு தலைப்புக்கு மட்டும் பூட்டு

வேளச்சேரி வீட்டு வாடகை, பால் கணக்கு, அம்மாவின் லாக்கர் விவரம், எல்லாமே எனக்கு ஈமாக்ஸ் என்ற எழுத்துத் தொகுப்பானில், தலைப்பு தலைப்பாகக் குறிப்பு எழுதும் ஒரே ஆர்க் (Org) ஃபைலில்தான். முழு ஃபைலையும் பூட்டுவது சுலபம்: 2009-இல் வந்த ஈமாக்ஸ் 23 முதல், ஃபைல் பெயர் ஜிபிஜி (.gpg) என்று முடிந்தாலே போதும். ஆனால் பால் கணக்குக்கு எதற்குப் பாஸ்வேர்டு? லாக்கருக்கு மட்டும் பூட்ட, ஆர்க்கோடு வரும் ஆர்க்-க்ரிப்ட் (org-crypt) என்ற துணை நிரல் இருக்கிறது.

ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் ஃபைலில் ஆர்க்-க்ரிப்ட்டை ரிக்வயர் (require) செய்து, 'ஆர்க்-க்ரிப்ட்-யூஸ்-பிஃபோர்-சேவ்-மேஜிக்'கை அழையுங்கள். ஆர்க்-க்ரிப்ட்-கீ என்ற அமைப்பை nil (வெற்று) என்று வைத்தால் சாவி ஜோடி எதுவும் வேண்டாம், பாஸ்வேர்டே போதும். தலைப்புக்கு க்ரிப்ட் டேக் போட்டு சேவ் செய்தால், அடியில் உள்ளது கிறுக்கலாகிவிடும். படிக்க, ஆர்க்-டிக்ரிப்ட்-என்ட்ரி என்ற கட்டளை. துணைத் தலைப்புகளுக்கு அந்த டேக் இறங்காதபடி விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் பூட்டுக்குள் பூட்டு.

ஈமாக்ஸ் தானாகவே நகல் எடுத்து வைக்கும் ஆட்டோசேவ்தான் ஓட்டை. ஒரு மழை ராத்திரி லாக்கர் தலைப்பைத் திறந்து வைத்திருந்தபோது கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தது. மறுநாள் பார்த்தால், பெயரின் இரண்டு பக்கமும் # போட்ட ஃபைலில் லாக்கர் எண் பச்சையாகக் கிடக்கிறது! அந்த ஃபைலுக்கு ஆட்டோசேவை நிறுத்திவிடுங்கள். முதல் நாலு நாள் பொய் எண்ணை வைத்துப் பழகுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழி கிடையாது.