பவர் கேட்டமரான் வாங்கும் முன் எடைமேடைக்குப் போங்க

சேலத்தில் கடல் இல்லை. மச்சான் புதுச்சேரியில் இருப்பதால், மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்களுக்குக் கடல்தான். குடும்பத்தோடு சுற்றவும் தூண்டில் போடவும் தோதாக 25 அடியில் பழைய பவர் கேட்டமரான் ஒன்றை வாங்கினோம். இரண்டு ஒல்லி உடல்களை மேலே ஒரு தளம் சேர்க்கும், உடலுக்கு ஒரு எஞ்சின்; அதுதான் இந்தப் படகு. நம்ம கட்டுமரம் என்ற சொல்தான் ஊரெல்லாம் சுற்றி இந்தப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

படி 1: வேகமா, சிக்கனமா? தண்ணீர் மேல் எழும்பி ஓடும் வகை மீன் இருக்கும் இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுபோகும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஒல்லியான அடி நிதான வேகத்தில் எண்ணெயை மிச்சம் பிடிக்கும். அரை நாளில் போய்வர முதல் வகை, ராத்தங்கலுக்கு இரண்டாவது.

படி 2: பாரம். இதில்தான் நான் ஏமாந்தேன். இரண்டு உடல்களையும் சேர்க்கும் தளத்தின் அடிவயிற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் எல்லாம். ஷெட்டில் காலிப் படகைப் பார்த்து, "தாராளமா இருக்கே" என்று முன்பணம் கொடுத்துவிட்டேன். முதல் ஞாயிறு ஆறு பேர், நிறைய பெட்ரோல், ஐஸ் பெட்டி. எதிர் அலை ஒவ்வொன்றும் காலடியில் டமார் என்று அறைந்தது. அம்மா கம்பியைப் பிடித்த கையைக் கரை வரும்வரை எடுக்கவில்லை.

பிறகு ட்ரெய்லருக்கு ஆக்சில் மாற்ற படகைச் சேலம் கொண்டுவந்தபோது, லாரி எடைமேடையில் ஏற்றினேன். ட்ரெய்லர் எடையைக் கழித்தால், விற்றவர் சொன்னதைவிட 400 கிலோ அதிகம். எங்கள் படகு சுமார் 90 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமிழும். 900 கிலோ ஏற்றினால் 10 சென்டிமீட்டர் போச்சு. ஒற்றை உடல் படகு இதைப் பொறுத்துக்கொள்ளும்; இது பொறுக்காது.

அதனால் முன்பணத்துக்கு முன்பே டேங்கை நிரப்பச் சொல்லுங்க. ஏற்றிப் பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை அடுக்குங்க. கேனுக்கு 20 கிலோ, கணக்கு சுலபம். படகைத் தண்ணீரில் விட்டு, அணியத்துப் பக்கமும் (முன்பக்கம்) பின்பக்கமும் இடைவெளியை அளங்க. லேசர் கருவி தண்ணீரில் சரியாகக் காட்டாது. கொத்தனார் டேப்பே என் கட்சி.

படி 3: ஓட்டிப் பாருங்க, காற்று இருக்கும் மதியத்தில். எஞ்சினை அணைத்து, அலைக்குக் குறுக்கே மிதக்கவிட்டு, எல்லாரும் ஒரே பக்கம் போய் நில்லுங்க. ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகில் எழுந்து நின்றவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். தூண்டில்காரனுக்கு இந்தச் சாயாத நிதானம்தான் வரம். ஆனால் பெரிய மீன் அடியில் பாய்ந்தால் தூண்டில் நரம்பு மறுபக்க எஞ்சினில் சிக்கும். பின்னால் இரண்டு பக்கமும் ஆள் நடக்க வழி இருக்கிறதா என்று பாருங்க.

எண்ணெய்ச் செலவை மணிக்கணக்கில் கேட்காதீங்க, கிலோமீட்டருக்குக் கேளுங்க. 150 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 55 லிட்டர் குடிக்கும். உங்களிடம் இருப்பது இரண்டு.

பின்சேர்க்கை: ஒரு எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று தூத்துக்குடி வாசகர் கேட்டிருந்தார். போன வாரம் சோதித்தேன். எஞ்சின்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் படகு ஒரு பக்கம் இழுக்கிறது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்தே ஓட்ட வேண்டும். எங்கள் படகு ஒற்றை எஞ்சினில் மேலே எழும்பவும் இல்லை, ஆனால் கரை சேர்ந்தது. டேங்க், பேட்டரி இரண்டும் எஞ்சினுக்குத் தனித்தனியா என்று விற்பவரிடம் திறந்து காட்டச் சொல்லுங்க.