மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த பிறகு: தோல், தழும்பு, கை, ரவிக்கை

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "உயிர் பிழைச்சதே பெரிசு, மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே, அக்குள் புண்ணையும் கை வீக்கத்தையும் "இதைப் போய் டாக்டரிடம் கேட்பதா" என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் நிறைய. கேளுங்கள். இந்தத் தொந்தரவுகளில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது, சிலவற்றுக்குச் சீக்கிரம் போனால்தான் பலன் இருக்கிறது. எனக்கு இடது மார்பை முழுதாக எடுத்து, கீமோ, கரண்ட் என்று நாம் சொல்லும் ரேடியேஷன், மாத்திரை என்று எல்லாமே ஆனது. அதில் தெரிந்துகொண்டதையும், கூடவே சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பேசித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள், உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் அவர்தான்.

கரண்ட் வைத்த இடத்துத் தோல்

ரேடியேஷன் இப்போது பலருக்கு மூன்று வாரத்தில், 15 தடவையாக முடிந்துவிடுகிறது, சிலருக்கு ஐந்து வாரம் ஆகும். முதல் வாரம் ஒன்றுமே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அரிப்பு, எரிச்சல், கருப்பு தொடங்கும். வெள்ளைத் தோல்காரர்களுக்குப் போல நமக்கு அந்த இடம் பளிச்சென்று சிவக்காது, கருத்துப்போகும். அதனால் நிறத்தை மட்டும் பார்க்காமல், தொட்டால் சூடாக இருக்கிறதா, இழுக்கிறதா என்றும் பாருங்கள். யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று: தோல் மிக மோசமாக இருப்பது சிகிச்சை முடிந்த பிறகு வரும் முதல் இரண்டு வாரத்தில்தான். எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தபின் தோல் உரிய ஆரம்பித்தால் பதறிப்போகிறோம். அது கரண்டின் வேலை இன்னும் உள்ளே நடந்துகொண்டிருப்பதுதான். நாலு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும், கருப்பு மட்டும் பல மாதம் நிற்கும்.

குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மணமில்லாத சோப்பு, கையால் மெதுவாக, அவ்வளவுதான். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது, துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். மஞ்சள், கடலைமாவு, பவுடர், சென்ட் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். உரிந்த தோலில் மஞ்சளை அரைத்துப் பூசச் சொல்லும் அத்தைமார்கள் எல்லா வீட்டிலும் உண்டு, அவர்கள் மனம் நோகாமல் தப்பித்துக்கொள்ளுங்கள். வாசனையில்லாத ஈரப்பத க்ரீம் தடவலாம். அரிப்பும் எரிச்சலும் அதிகமானால் மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு க்ரீமை டாக்டர் எழுதித் தருவார், கேட்டு வாங்குங்கள், கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். சுடுதண்ணீர்ப் பையும் ஐஸும் கூடவே கூடாது. தோல் மரத்திருக்கும், சுட்டாலும் தெரியாது.

அக்குளும் மார்புக்கு அடி மடிப்பும்தான் முதலில் கிழியும், வியர்வையும் உரசலும் அங்கேதான். கையைத் தலைக்கு மேல் வைத்து ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் படுங்கள். நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துணியை மடித்து மடிப்பில் வைத்து, ஈரமானதும் மாற்றுங்கள். வீட்டில் இருக்கும்போது பிரா வேண்டாம், தொளதொளப்பான பருத்தி நைட்டி போதும். தாலிச் சங்கிலி தொங்கி உரசும் இடமும் சரியாக அங்கேதான் வருகிறது, மஞ்சள் கயிறாக இருந்தால் வியர்வையில் சாயமும் இறங்கும். சில வாரங்களுக்குச் சங்கிலியைக் குட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வையுங்கள், ஒரு குற்றமும் இல்லை. தோல் உரிந்து நீர் கசிந்தால் அதற்கென்று டிரெஸ்ஸிங் இருக்கிறது, நர்ஸிடம் காட்டுங்கள். சீழ், நாற்றம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

அந்தத் தோல் இனி எப்போதும் கொஞ்சம் மெலிசாகத்தான் இருக்கும். வெயில் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கம் நாளாக ஆகச் சுருங்கி, கெட்டியாகலாம். பல வருஷம் கழித்து அந்த இடத்தில் அடிபடாமலே நீலம் பாய்ந்த மாதிரித் திட்டு வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், அரிதுதான், ஆனால் பார்த்தே ஆக வேண்டியது.

தழும்பும் மரப்பும்

அக்குளில் கை வைத்து ஆபரேஷன் செய்யும்போது மேல்கையின் உள்பக்கத்துக்குப் போகும் நரம்பு அடிபடுகிறது. அதனால் அங்கே மரத்துப்போகும், சிலருக்கு எரியும். ஷேவிங் பிளேடு வேண்டாம், வெட்டினால் தெரியாது, டிரிம்மர் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாத மார்பில், இல்லாத காம்பில் அரிப்பதும் உண்டு. புத்தி பேதலிக்கிறதோ என்று பயந்து வெளியே சொல்லாத பெண்களைப் பார்த்திருக்கிறேன். நரம்பு அப்படித்தான் செய்யும், தழும்பைச் சுற்றி மெதுவாகத் தடவிவிட்டால் கொஞ்சம் அடங்கும்.

தையல் முழுக்க ஆறி, பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, பொதுவாக நாலு முதல் ஆறு வாரத்தில், டாக்டர் சரி என்றதும் தழும்பைப் பிடித்துவிட ஆரம்பிக்கலாம். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் போதும். விரல் தோல்மேல் வழுக்கிப் போகக் கூடாது, விரலோடு தோலும் நகர வேண்டும். மேலும் கீழும், பிறகு வட்டமாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை சில நிமிஷம். தழும்பு அடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இதுதான் வழி. தழும்பு புடைத்துத் தடிக்கிற உடம்பு என்றால் சிலிக்கான் பட்டையைப் பற்றிக் கேளுங்கள்.

சிலருக்குச் சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று இழுத்துப் பிடிக்கும், கையைத் தூக்கினால் நன்றாகத் தெரியும். பயந்து கையை அசைக்காமல் வைத்துவிடாதீர்கள், அப்போது தோளும் இறுகிப்போகும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் நீட்டல் பயிற்சியில் இது பெரும்பாலும் சில மாதத்தில் போய்விடும். வீட்டில் சுவர் ஏறும் பயிற்சி செய்யுங்கள்: சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. தலை வாருவது, கொடியில் துணி உலர்த்துவது எல்லாமே பயிற்சிதான், அதை வேறு யாரும் செய்ய விடாதீர்கள்.

கை வீக்கம், இதைக் கவனமாகப் படியுங்கள்

அக்குளில் இருக்கும் நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை எடுத்தபின், அதிலும் அங்கே கரண்டும் வைத்திருந்தால், கையிலிருந்து நிணநீர் வடிவது குறைகிறது. வீக்கம் எல்லோருக்கும் வராது. ஆனால் வருகிறவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த சில மாதத்திலும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கை சொல்லிவிடும்: கனமாக இருக்கும், சாயங்காலம் வளையல் இறுகும், ஒரு பக்க ரவிக்கைக் கை மட்டும் பிடிக்கும். அந்த நேரத்தில் போனால் நன்றாகவே கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் உள்ளே கெட்டியாகி, பிறகு முழுதாக வற்றுவது கஷ்டம்.

தையல்காரர் டேப் ஒன்று எடுத்து, மாதம் ஒருமுறை இரண்டு கையையும் ஒரே இடங்களில் அளந்து எழுதி வையுங்கள்: மணிக்கட்டு, முழங்கைக்குப் பத்து செ.மீ. கீழே, பத்து செ.மீ. மேலே. முதல் அளவு ஆபரேஷனுக்கு முன்பே எடுத்திருந்தால் ரொம்ப நல்லது. வித்தியாசம் இரண்டு செ.மீ. வரை வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம், அதற்கும் முன்பே கை கனக்கிறது என்றாலும் போகலாம். கையை இறுக்கிப் பிடிக்கும் உறையான இறுக்க ஸ்லீவ் போடச் சொல்வார்கள். அதை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும், இன்னொருவருடையதைக் கடன் வாங்கிப் போட்டால் தவறான இடத்தில் இறுகி வீக்கம் கூடும். தொடர்ந்து போட்டால் சுமார் ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும், மாற்ற வேண்டும். நிணநீரை வடிப்பதற்கான மசாஜ் மிக மென்மையானது, தோலை மட்டும் நகர்த்துவது. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடுகிறேன் என்று யார் வந்தாலும் அந்தக் கையைக் கொடுக்காதீர்கள். நீர் போகும் மாத்திரையும் இந்த வீக்கத்துக்கு வேலை செய்யாது.

இந்தக் கையில் கிருமி புகுந்தால் வேகமாகப் பரவும். தாளிக்கும்போது எண்ணெய் தெறிப்பது, மீன் முள், ரோஜா முள், கொசுக்கடியைச் சொறிவது, எல்லாமே வாசல்தான். பாத்திரம் தேய்க்க, செடி நட, மீன் கழுவக் கையுறை போடுங்கள், நகத்தோலை வெட்டாதீர்கள், இரவில் க்ரீம் தடவுங்கள். கை திடீரென்று சிவந்து, சூடாகி, குளிர்க்காய்ச்சல் அடித்தால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ஆன்டிபயாட்டிக் உடனே வேண்டும்.

சரி, அப்படியென்றால் இனிமேல் அந்தக் கையில் குடமே தூக்கக் கூடாதா? முன்பு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் அமெரிக்காவில் கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவினர் வாரத்தில் இரண்டு நாள், சொல்லித் தருபவர்களோடு, மிகக் குறைந்த எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி எடை தூக்கினார்கள். எடை தூக்காதவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, திடீரென்று மோசமாகும் தொந்தரவுகூடக் குறைந்தது, கைக்குப் பலம் வந்தது. அதனால் பயந்து கையைச் சும்மா வைத்திருப்பதைவிட, ஸ்லீவ் போட்டுக்கொண்டு மெதுவாக எடையைக் கூட்டுவதே நல்லது. ஊசி, ரத்தம் எடுப்பது, பி.பி. பார்ப்பது எல்லாவற்றுக்கும் முடிந்தவரை மற்ற கையை நீட்டுங்கள். ஓர் அவசரத்தில் இந்தக் கையில் ஏற்றிவிட்டார்கள் என்றால் அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

முடி, நகம், பாதம்

கடைசி கீமோவுக்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் முடி பூனைமுடியாக எட்டிப்பார்க்கும். முதலில் சுருட்டையாகவோ நரைத்தோ வரலாம், பிறகு மாறும். புதுத் தலைத்தோலுக்குச் சீயக்காயும் டையும் சில மாதம் வேண்டாம். பேருந்தில் "திருப்பதியா, பழனியா?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பது உங்கள் இஷ்டம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இறங்குவதிலும் தப்பில்லை. நகத்தில் விழுந்த கருப்புக் கோடு நகத்தோடு வளர்ந்து வெளியேறும், கை நகத்துக்குச் சுமார் ஆறு மாதம், கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல். பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து போட்டவர்களில் பலருக்குப் பாதம் மரத்திருக்கும். வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள், உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றாதீர்கள், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.

மாத்திரை செய்யும் மாற்றங்கள்

டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற, ஹார்மோனை அடக்கும் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் ஐந்து வருஷமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டியிருக்கும். திடீர் உடல்சூடு, ராத்திரி வியர்வை, மூட்டுவலி, எடை கூடுவது, பிறப்புறுப்பு வறண்டு தாம்பத்தியத்தில் வலி, இதெல்லாம் வரலாம். கடைசியில் சொன்னதைத்தான் யாரும் கேட்பதில்லை, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். மருந்துக்கடையில் தண்ணீரில் கரையும் ஜெல் கிடைக்கும், வறட்சிக்கென்றே வாரம் சில நாள் போடும் ஈரப்பத ஜெல்லும் உண்டு. ஹார்மோன் கலந்த க்ரீமைப் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். உடல்சூட்டைக் குறைக்கவும் மருந்து இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு மாத்திரைகளில் ஃப்ளூவாக்செடின், பராக்செடின் இரண்டும் டமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடியவை, அதனால் வேறு டாக்டரிடம் போனாலும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். டமாக்சிஃபென் சாப்பிடும்போது மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் உடனே காட்ட வேண்டும். தொந்தரவு தாங்காமல் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள், மாற்று மாத்திரை இருக்கலாம்.

ரவிக்கையும் கண்ணாடியும்

ஆபரேஷன் முடிந்த புதிதில் மெல்லிய பஞ்சுப் பேடு போதும். ஆறு, எட்டு வாரம் கழித்து, தோல் ஆறியதும், பிராவுக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் மார்பு பொருத்திப் பார்க்கலாம். அது அழகுக்காக மட்டும் இல்லை. மற்ற மார்பு பெரிதாக இருந்தால் ஒரு பக்கம் மட்டும் பாரம் இழுத்து கழுத்தும் முதுகும் வலிக்கும், எடை சரியானால் அது குறையும். விலை கட்டாது என்றால் பருத்தி நூலில் பின்னியது இருக்கிறது, தன்னார்வலர்கள் இலவசமாகவும் பின்னித் தருகிறார்கள், ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். துணிப் பையில் கடுகு நிரப்பித் தைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, எடைக்குச் சரிதான், ஆனால் வியர்வையில் நமத்துப் பூஞ்சை பிடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

நம்பிக்கையான ஒரு தையல்காரம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், வேலை பாதியாகும். முன்பக்கக் கொக்கி, கழுத்து கொஞ்சம் ஏற்றி, உள்ளே பேடு வைக்க ஒரு பை, கைக்குழி அந்தப் பக்கம் மட்டும் தளர்த்தி, நல்ல லைனிங். இடது பக்கம் ஆபரேஷன் என்றால் முந்தானையே மூடிக்கொள்ளும், என்னைப் போல. ஆனால் சேஃப்டி பின் குத்தினால் தெரியாது, குத்தும்போது கண்ணாடியைப் பார்த்துக் குத்துங்கள். வலது பக்கம் என்றால் முந்தானையை வலது தோளுக்குக் கொண்டுவரும் குஜராத்தி கட்டு கைகொடுக்கும். ஒன்றுமே வைக்காமல் நடப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் சரிதான். மார்பை மறுபடி உருவாக்கும் மறுசீரமைப்பு ஆபரேஷனை வருஷங்கள் கழித்தும் செய்யலாம், வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தசை எடுத்துச் செய்யும் வழி இருக்கிறது. கரண்ட் வைத்த இடத்தில் தோலுக்கு உள்ளே செயற்கை மார்பு (இம்ப்ளான்ட்) வைத்தால் சிக்கல் கூடுதல் என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தழும்பை எப்போது பார்ப்பது, கணவரிடம் எப்போது காட்டுவது என்று யாரும் நாள் குறிக்க முடியாது. முதலில் உடையோடு, பிறகு விரலால் தொட்டு, பிறகு கண்ணாடியில் என்று போகலாம். அழுகை வந்தால் அழுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், இங்கே தொடலாம், இங்கே இப்போது வேண்டாம் என்று. பல ஆண்கள் விலகிப் படுப்பது வலித்துவிடுமோ என்ற பயத்தில்தான், பெண்ணோ அதை அருவருப்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் நொறுங்குகிறாள்.

பார்க்கப் பழகிவிட்டால் மாதம் ஒருமுறை தழும்பின் கோட்டையும் அக்குளையும் மற்ற மார்பையும் தடவிப் பாருங்கள். தழும்பில் புதிதாகச் சின்ன முடிச்சு, ஆறாத தடிப்பு ஏதாவது தென்பட்டால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். மற்ற மார்புக்கு மேமோகிராம் வருஷத்துக்கு ஒருமுறை, அதை வீட்டுக் காலண்டரில் இப்போதே குறித்துவிடுங்கள்.