கோழி ஆலை வேலைக்குக் கனடா வரும் நம்மூர்க்காரர்களுக்கு

காங்கயத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே தேங்காய்க் களம். விடிந்ததுமே தேங்காய் உடைக்கும் சத்தம் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட லீவில் நானும் அங்கே தேங்காய்ப் பருப்பு காயப்போட்டவன். இப்போது ஒன்பது வருடமாகக் கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டன் பக்கம் ஒரு கோழி ஆலையில் வேலை. இந்த முறை ஊருக்கு வந்ததில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "ஏனுங்ண்ணா, அங்க வந்தா மொதல்ல என்ன வேல கெடைக்குமுங்?"

பெரும்பாலும் சாப்பாடு சம்பந்தப்பட்ட வேலைதான். ஆனால் தோட்டம், காட்டு வேலை இல்லை. 2023-24 கணக்குப்படி இந்தியாவில் வேலை செய்வோரில் 100க்கு 46 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். கனடாவில் ஒன்பது வேலைக்கு ஒன்று உணவுத் துறையில் இருந்தாலும், அதில் பெரும்பங்கு கடை, ஹோட்டல், ஆலை. பண்ணையில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். நமக்கு இது புதிதில்லை. நாமக்கல் முட்டை லோடு, பல்லடம் கறிக்கோழி, ஈரோட்டு மஞ்சள் மண்டி, சேலத்து ஜவ்வரிசி ஆலை என்று தோட்டத்துக்கும் கடைக்கும் நடுவில் பிழைப்பவர்கள்தானே நம்மில் பலர்.

கைவேலை சீக்கிரம் பழகிவிடும். பழக நாளாவது சுத்தமும் சம்பளச் சீட்டும்தான். முதல் நாள் கை கழுவி, தலைக்கும் தாடிக்கும் வலை போட்டு லைனுக்குப் போனேன். சூப்பர்வைசர் அம்மா என் மணிக்கட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். சிவன்மலையில் அம்மா கட்டிவிட்ட கயிறு. கறியில் ஒரு நூல் விழுந்தாலும் மொத்த லோடும் நிற்கும் என்று பொறுமையாகச் சொன்னார். கத்திரியால் வெட்டும்போது மனசு கேட்கவில்லை. நீங்கள் வீட்டிலேயே கழற்றி சாமி படத்தடியில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் சீட்டு. நம் களத்தில் சனிக்கிழமை சாயங்காலம் கையில் காசு. யாரும் சீட்டு கேட்பதில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ., இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். என்று இங்கேயும் சட்டம் உண்டு. ஆனால் களங்களில் அவ்வளவு ஆள் கணக்கில் இருப்பதில்லை. ஓவர்டைமுக்கு இந்தியச் சட்டம் இரட்டிப்புச் சம்பளம் சொல்கிறது. ஆன்டாரியோவில் பொதுவாக வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்குதான். காகிதத்தில் நம் சட்டமே பெரியது. அங்கே ஒன்றரை மடங்கைக் கேட்டு வாங்க முடிவதற்குக் காரணம், மணிக்கணக்கு சீட்டில் ஏறியிருப்பதுதான்.

அதனால் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். அதோடு விடுமுறைப் பணம் நான்கு சதவீதமாவது வரவேண்டும். இரண்டையும் சீட்டில் பாருங்கள். சின் நம்பர், அதாவது அங்கே வேலை பார்க்க அரசு தரும் அடையாள எண், வாங்கக் காசு கிடையாது. தற்காலிகமாக வருபவர்களுக்கு அது 9இல் தொடங்கும். வேலை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்சி பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிக் கேட்பதே தப்பு. 2024 ஜூலையிலிருந்து ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம். அரசு இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

என்னோடு தங்கியிருந்த தம்பி ஒருவன் ஏஜென்சி மூலம் ரொக்கக் கூலிக்குப் போனான். கத்தி பட்டு விரல் நரம்பு அறுந்தது. வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தர டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்று அரசு அமைப்பு இருக்கிறது. ஆனால் அங்கே வேலை பார்த்தான் என்று காட்ட அவனிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அந்த வேதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். படிக்க வரும் பிள்ளைகளே, காலேஜ் நடக்கும் நாட்களில் உங்களுக்கு வெளியே வேலை வாரம் 24 மணி நேரம்தான். ரொக்கம் தருகிறோம், கூட நேரம் பார் என்பார்கள். தயவுசெய்து போகாதீர்கள், விசாவுக்கே ஆபத்து.

வேகமாகச் செய்கிறேன் பேர்வழி என்று கத்தியை வீசாதீர்கள். ஆபத்தாகத் தெரிந்தால் வேலையை நிறுத்திச் சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை கொடுத்தே ஆகவேண்டும்.

ஆலைக்குள் மார்கழிக் குளிரைவிட அதிகமாக இருக்கும், எட்டு மணி நேரமும். உள்ளே போடும் தெர்மல் பனியன் நாலு ஜோடி திருப்பூரிலேயே வாங்கிப் பெட்டியில் வையுங்கள். பூட்ஸ் மட்டும் அங்கே வந்து, ஆலை சொல்லும் ரகத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.