டாரோ: ‘தொங்கும் மனிதன்’ கார்டைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறி பார்க்கப் பலர் பயன்படுத்தும் டாரோ சீட்டுக்கட்டில் பன்னிரண்டாம் எண் கொண்ட ‘தொங்கும் மனிதன்’ வந்துவிட்டால் பலருக்கு முகம் வாடிவிடும். உடனே கைபேசியில் பொருள் தேடுவார்கள். தியாகம், காத்திருப்பு, புதிய பார்வை என்று இரண்டு மூன்று சொற்கள் கிடைக்கும். அதன்பின் யாரும் கார்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதல் தவறு அங்கேதான் நடக்கிறது.

படத்தை நிதானமாகப் பாருங்கள். ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909இல் லண்டனில் வெளியான சீட்டுக்கட்டைச் சொல்கிறேன். இன்று கடைகளில் கிடைக்கும் பல கட்டுகள் அதன் வழி வந்தவை. கயிறு கழுத்தில் இல்லை, கணுக்காலில் இருக்கிறது. இன்னொரு கால் மடங்கிக் குறுக்காக நிற்கிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டம். முகத்தில் வலியின் சாயலே கிடையாது. அவன் தொங்கும் மரத்தில் இலைகள் இருக்கின்றன. அது பட்டுப்போன கட்டை அல்ல. இந்த உயிருள்ள மரத்தையும் துன்பமில்லாத முகத்தையும் கவனிக்கச் சொல்லி வெய்ட்டே தம் விளக்க நூலில் எழுதியிருக்கிறார்.

இப்போது கைகளைப் பாருங்கள். இரண்டும் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. கட்டப்பட்டிருக்கின்றனவா, அவனாகவே மடக்கி வைத்திருக்கிறானா என்று படம் காட்டவில்லை. ஆனாலும் “கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. அப்படித் தோன்றுவதில் பிழை ஏதுமில்லை. ஓவியர் அதை வரைந்திருக்கிறார் என்று நம்புவதுதான் பிழை. அவர் வெற்றிடம் விட்ட இடத்தில் நீங்கள் ஒரு கயிற்றைப் போட்டீர்கள் என்றால், அந்தக் கயிறு உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்தது. யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று அதைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். கார்டு உங்களுக்கெனத் தரும் பொருள் என்று நான் நம்புவது இதைத்தான். படத்தில் இருப்பது எது, நான் கொண்டுவந்தது எது என்று பிரிக்கத் தெரியாதவருக்கு இரண்டுமே கைநழுவிப் போகும்.

“ஆதியிலிருந்தே இதற்கு இதுதான் பொருள்” என்பது அடுத்த தவறு. டாரோ எகிப்தியக் கோயில் ரகசியம் என்ற கதையை 1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் தெ ஜெபெலின் கிளப்பிவிட்டார். அதற்கு ஆதாரம் இல்லை. இந்தச் சீட்டுகள் பிறந்தது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், விளையாடுவதற்காக. அங்கே இந்தக் கார்டை ‘துரோகி’ என்றே அழைத்தார்கள். துரோகிகளையும் மோசடிக்காரர்களையும் தலைகீழாகத் தொங்குவதுபோல் ஊரறியச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவது அந்நாட்டு நகரங்களில் அப்போது வழக்கமாக இருந்தது. 1440இல் ஃப்ளாரன்ஸில் ஆந்த்ரேயா தெல் காஸ்தான்யோ அப்படி வரைந்த ஓவியங்களால், ‘தூக்கிலிடப்பட்டவர்களின் ஆந்த்ரேயா’ என்ற பட்டப்பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள ஒரு பழைய சீட்டில் இவன் கைகளில் பணப்பைகள் இருக்கின்றன. பணத்துக்காக இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் நினைவு வராமல் போகாது. ஊர் காறித்துப்பிய அந்த உருவத்துக்குத்தான் 1909இல் ஒளிவட்டம் கிடைத்திருக்கிறது. இரண்டையும் தெரிந்து பார்க்கும்போது கார்டு கனம் கூடுகிறது. ஊர் என்னைப் பார்க்கும் விதமும் நான் என்னைப் பார்க்கும் விதமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி தானாக எழுகிறது.

நம் மனதில் எழும் நினைவுகளை ‘இது ஐரோப்பியப் படம், இங்கே அதற்கு இடமில்லை’ என்று ஒதுக்கவும் வேண்டாம். இந்தக் கார்டைப் பார்த்ததும் எனக்கு வருவது காரைக்கால் அம்மையார். கயிலை மலையில் கால் பதிக்க அஞ்சித் தலையால் நடந்து ஏறியவர். ஸ்மித் அவரை நினைத்து வரையவில்லை என்பது தெளிவு. ஆனால் தலைகீழாவது தண்டனை என்று இத்தாலிக்காரர் பார்த்த இடத்தில் பக்தி என்று பார்க்க அம்மையார் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார். அது நான் கொண்டுவந்தது என்று தெரிந்தே வைத்துக்கொள்கிறேன்.

அதே காரணத்தால் என் அம்மையாரை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. பிறருக்குக் கார்டு பார்ப்பவர்கள் செய்யும் மிகக் கொடிய தவறு இதுதான். வீட்டில் அடி வாங்கும் ஒரு பெண் இந்தக் கார்டை எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “தியாகம்மா, பொறுத்துக்கோ, நல்லது நடக்கும்” என்று சொல்லி அனுப்பினால் அவளை அதே வீட்டுக்குள் இன்னும் இறுக்கிக் கட்டுகிறோம். அவளிடம் முதலில் கேட்க வேண்டியது, “உங்க கண்ணு எங்கேம்மா போகுது?” என்பதுதான். காலில் உள்ள கயிறு என்று அவள் சொன்னால், ஒளிவட்டத்தைப் பற்றி நாம் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசுவோம், உதவிக்கு யாரிடம் போகலாம் என்று பேசுவோம். நோய், வழக்கு, பணம் என்று வந்தாலும் அப்படியே. மருத்துவரும் வக்கீலும் செய்ய வேண்டியதைக் கார்டு செய்யாது.

பிடித்த கார்டு வரும்வரை திரும்பத் திரும்பக் குலுக்குவதையும் விட்டுவிடுங்கள். வந்ததைப் பார்க்கவே மனம் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கையில் இருப்பது எந்தக் கட்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்செய் என்ற பழைய பிரெஞ்சு வகைக் கட்டில் கிளைகள் வெட்டப்பட்ட இரண்டு மரங்களுக்கு நடுவே இவன் தொங்குகிறான்; தலையைச் சுற்றி ஒளிவட்டம் கிடையாது. அந்தக் கட்டை வைத்துக்கொண்டு ஸ்மித் வரைந்த ஒளிக்குப் பொருள் சொல்ல முடியாது.