கேப்டன்சியை எடைபோட ஒரு நோட்டும் பேனாவும்

விக்கெட் விழுந்தால் ‘என்ன மூளைடா!’, அடுத்த பந்து பவுண்டரி போனால் ‘இவரையெல்லாம் யாரு கேப்டனாக்குனது?’ டெஸ்ட் கேப்டன்சி பற்றி நாம் சொல்லும் தீர்ப்பில் பாதி, பந்து முடிந்த பிறகு சொல்வது. இதற்கு ஒரே மருந்து, பந்து போடும் முன்பே எழுதி வைத்துவிடுவது.

சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். பக்கத்தை ஆறு கட்டமாகப் பிரியுங்கள்: ஓவர் எண், பவுலர், எந்த எண்டு (பிட்சின் எந்த முனையிலிருந்து வீசுகிறார்), பேட்டைச் சுற்றி எத்தனை பேர், எல்லைக்கோட்டில் எத்தனை பேர், கடைசியில் ‘நான் என்ன செய்வேன்’. பவுலரையும் கீப்பரையும் கழித்தால் கேப்டன் கையில் இருப்பது 9 பேர்தான், எண்ணுவது சுலபம். 90 ஓவரையும் எழுத உட்காராதீர்கள், மதியத்துக்குள் சலித்துவிடும். பவுலர் மாறும்போது, ஃபீல்டிங் மாறும்போது, புதுப் பந்து வரும்போது, ரிவியூ கேட்கும்போது மட்டும் ஒரு வரி. இப்போது ஓவருக்கும் ஓவருக்கும் இடையே 60 விநாடி கடிகாரம் ஓடுகிறது. கேப்டனுக்கு அவ்வளவுதான் நேரம், உங்களுக்கும் அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தை மட்டும் பிறகு திருத்தக் கூடாது. திருத்தினால் நோட்டே வீண்.

பெங்களூருவில் நேரில் பார்ப்பதாக இருந்தால் உட்காரும் இடம் முக்கியம். அல்சூரில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். இறங்கி நடந்தால் சின்னசாமி ஸ்டேடியம். பந்து ஸ்விங் ஆவதை, அதாவது காற்றில் வளைவதைப் பார்க்க வேண்டுமானால் பவுலருக்கு நேர் பின்னால் இருக்க வேண்டும். கேப்டனைப் படிக்க அது தோதான இடமில்லை. பிட்சுக்குப் பக்கவாட்டில், உயரமான வரிசையே மேல். ஸ்லிப், அதாவது கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக நிற்கும் ஃபீல்டர், எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். காலையில் நின்ற இடத்தைவிட மதியம் இரண்டடி முன்னால் வந்திருந்தால், பிட்சில் வேகம் குறைந்துவிட்டது என்று கேப்டனும் கீப்பரும் முடிவு கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். டிவியில் இது அகப்படாது; ஓவர் தொடக்கத்தில் காட்டும் ஃபீல்டிங் படத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

டாஸுக்கு முன் மூன்று விஷயம் குறியுங்கள்: பிட்ச் எவ்வளவு நேரம் கவருக்கு அடியில் இருந்தது, வானம் எப்படி, பதினொருவரில் வேகப்பந்து எத்தனை, சுழல் எத்தனை. 2024 அக்டோபரில் இதே சின்னசாமியில் நியூசிலாந்துடன் நடந்த டெஸ்டை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் முழுக்க மழை. மறுநாளும் மேகமூட்டம். இந்திய அணியில் அஸ்வின், ஜடேஜா, குல்தீப் என மூன்று சுழல். கேப்டன் ரோஹித் டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்தார். 46 ரன்னுக்குச் சுருண்டோம். நியூசிலாந்தின் மேட் ஹென்றி 15 ரன் கொடுத்து 5 விக்கெட், ஓ’ரூர்க் 22 ரன் கொடுத்து 4. பிட்சைத் தவறாகப் படித்துவிட்டதாக ரோஹித்தே பிறகு சொன்னார். ஆனால் டாஸை மட்டும் திட்டுவது அரைகுறைக் கணக்கு. மூன்று சுழலை எடுத்தபோதே முதலில் பந்துவீசும் வழி பாதி அடைபட்டுப் போயிருந்தது. ஆகவே அணித் தேர்வுக்கும் டாஸுக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடுங்கள்.

அதிகம் தவறாக எடைபோடப்படுவது புதுப் பந்து. 80 ஓவர் ஆனதும் கேட்கலாம், ஆனால் கட்டாயம் இல்லை. அதே பெங்களூரு டெஸ்டின் நான்காம் நாள், சர்ஃபராஸ் 150, பந்த் 99 என இந்தியா 3 விக்கெட்டுக்கு 408 வரை போனது. புதுப் பந்து வந்தது. 54 ரன்னுக்குள் மீதி 7 விக்கெட்டும் காலி. இதைப் பார்த்து ‘புதுப் பந்து என்றால் உடனே எடு’ என்று விதி எழுதிவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் ஓவலில் கடைசி நாள் காலை இங்கிலாந்துக்கு வேண்டியது 35 ரன், கையில் 4 விக்கெட். 80 ஓவர் தாண்டியும் இந்தியக் கேப்டன் கில் பழைய பந்தையே சிராஜிடம் விட்டார். அது ஸ்விங் ஆகிக்கொண்டிருந்தது. புதுப் பந்து கெட்டியானது, பேட்டின் விளிம்பில் (எட்ஜ்) பட்டாலும் பவுண்டரிக்குப் பறக்கும். 6 ரன்னில் ஜெயித்தோம். நோட்டில் குறிக்க வேண்டியது இரண்டே: பழைய பந்து ஏதாவது செய்கிறதா, எதிரணிக்கு ரன் அவசரமா, கேப்டனுக்கு விக்கெட் அவசரமா.

டிக்ளேருக்கு, அதாவது விக்கெட் மீதி இருக்கும்போதே இன்னிங்ஸை முடித்துக்கொள்வதற்கு, கணக்கு எளிது. மீதி ஓவரை எதிரணியின் வழக்கமான ரன் வேகத்தால் பெருக்குங்கள். அதைத் தாண்டிய இலக்கு போதும். டெஸ்டில் இதுவரை துரத்தப்பட்ட அதிகபட்சம் 418. 2025 எட்ஜ்பாஸ்டனில் கில் வைத்த இலக்கு 608. முந்தைய லீட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்து 371ஐத் துரத்திய பயம் புரிகிறது, ஆனாலும் அது தாமதம்தான். ஐந்தாம் நாள் காலை மழை வேறு பயமுறுத்தியது. 336 ரன்னில் ஜெயித்தாலும் அந்த வரிக்கு மைனஸ் போடலாம்.

எதிரணியை உடனே மறுபடி பேட்டிங் செய்ய வைக்கும் ஃபாலோ ஆனுக்கு 200 ரன் முன்னிலை வேண்டும். முதல் நாள் முழுக்க மழையில் போனால் 150 போதும். முன்னிலையை மட்டும் பார்க்காமல் பவுலர்கள் எத்தனை ஓவர் வீசிக் களைத்திருக்கிறார்கள், கடைசி நாள் பிட்ச் யாருக்கு உதவும் என்றும் எழுதுங்கள். 2025 நவம்பரில் குவாஹாட்டியில் 288 ரன் முன்னிலை இருந்தும் தென்னாப்பிரிக்கக் கேப்டன் பவுமா ஃபாலோ ஆன் கொடுக்காமல் மறுபடி பேட்டிங் பிடித்தார். வேகப்பந்து யான்சன் இளைப்பாறினார், சுழல் ஹார்மருக்குத் தேய்ந்த பிட்ச் கிடைத்தது, இந்தியா 408 ரன்னில் தோற்றது.

ஓவர் வேகத்தையும், அதாவது ஒரு மணி நேரத்தில் எத்தனை ஓவர் வீசினார்கள் என்பதையும், மறக்காமல் மணிக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். 2025 லார்ட்ஸில் இந்தியாவை 22 ரன்னில் ஜெயித்த ஸ்டோக்ஸின் இங்கிலாந்து அணி, தாமதத்துக்காக உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளிகளில் இரண்டை இழந்தது.