யூசர் ஸ்டோரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘பயனராகிய நான் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும், டிக்கெட் தேவையில்லை என்பதற்காக.’

மென்பொருளில் யாருக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று அவர் குரலிலேயே சொல்லும் சிறு குறிப்புதான் யூசர் ஸ்டோரி. பஸ் முன்பதிவுச் செயலிக்கு இப்படி ஒன்று வந்தால் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. யார், என்ன, ஏன் என்ற மூன்று இடங்களும் நிரம்பியிருக்கின்றனவே! லண்டனின் கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் 2001 வாக்கில் உருவான வார்ப்பு இது. அதில் ‘ஏன்’ என்பதை ஒப்புக்கு நிரப்புவதுதான் பெரிய தவறு. ‘பயணத் தேதி மாறிவிட்டது’ என்று உண்மைக் காரணத்தை எழுதிப் பாருங்கள். பயணிக்குத் தேவை ரத்து அல்ல, தேதி மாற்றம் என்று தெரிந்துவிடும். ‘பயனர்’ என்பதும் யாரையும் குறிக்காத சொல். ரத்து செய்பவர் பயணியா, அவருக்காகப் பதிவு செய்த ஏஜென்ட்டா? பணம் யாருக்குத் திரும்ப வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

அடுத்து, ஏற்பு நிபந்தனைகள்; அதாவது, ஸ்டோரி முடிந்தது என்று ஏற்க நிறைவேற வேண்டியவை. ‘பணம் விரைவாகத் திரும்ப வேண்டும்’ என்பதை எந்த டெஸ்டராலும் சோதிக்க முடியாது. ‘புறப்பட 12 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் 10% பிடித்தம், மீதி, செலுத்திய கணக்குக்கே’ என்றால் சோதிக்கலாம். சரியாக 12 மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தால்? பஸ்ஸையே நிறுவனம் ரத்து செய்தால்? இவற்றை ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச் சுற்று தொடங்குமுன் கேட்டுவிட வேண்டும்.

பெரிய ஸ்டோரியை உடைக்கும்போது திரைக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று எனப் பிரிக்கிறார்கள். ஒன்றை முடித்தாலும் பயணிக்கு எதுவும் கிடைக்காது. முதலில் முழு டிக்கெட் ரத்து, பிறகு நான்கு இருக்கைகளில் ஒன்றை மட்டும் ரத்து என்று பிரித்தால் ஒவ்வொன்றும் பயன் தரும். நல்ல ஸ்டோரிக்குப் பில் வேக் 2003-இல் முன்வைத்த ‘இன்வெஸ்ட்’ அளவுகோல் இந்தப் பயனையும் கேட்கிறது.

எல்லாவற்றையும் எழுதிக் குவிப்பதும் தவறுதான். ஸ்டோரியின் கூறுகள் அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் என்று 2001-இல் மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரிஸ் வகுத்தார். ஸ்டோரிகளைச் சிறு அட்டைகளில் எழுதிய காலத்தில், இடம் போதாததால் பேசியே ஆக வேண்டியிருந்தது. இன்று ஸ்டோரிகளைப் பதியும் ஜிரா மென்பொருளில் இடத்துக்குப் பஞ்சமில்லை; பேச்சுதான் குறைந்துவிட்டது.

சர்வர் மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையைக்கூட ‘டெவலப்பராகிய நான்’ என்று தொடங்கி எழுதுகிறார்கள். அப்படி எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. ஸ்பிரிண்ட்களாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியில், 2020 பதிப்பில், யூசர் ஸ்டோரி என்ற சொல்லே இல்லை. பணியைப் பணி என்றே பட்டியலில் எழுதலாம்.